ஆளில்லாத நாயும் கற்றுக்குட்டி டாக்டரும்

எங்கள் தெருமுனை டீக்கடை வாசலில் ஒரு செவலை நாய் படுத்திருக்கும். பெட்டை. அதன் இடது காது நுனியில் கத்தரித்த மாதிரி ஒரு வெட்டு. ஏதோ சண்டையில் கடிபட்டது என்றுதான் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். பொங்கலுக்கு வீட்டுக்கு வந்திருந்த அக்கா மகள்தான் திருத்தினாள்.

"அது கடி இல்ல மாமா. கருத்தடை ஆபரேஷன் ஆயிடுச்சுன்னு அடையாளம். மயக்கத்துல இருக்கும்போதே காது நுனியை வெட்டிடுவாங்க. இல்லேன்னா மறுபடியும் பிடிச்சிட்டுப் போய் வயித்தைத் திறந்துடுவாங்கல்ல."

அவள் கால்நடை மருத்துவம் படிக்கிறாள். ஐந்தரை வருடப் படிப்பில் கடைசி ஒரு வருடம் இன்டர்ன்ஷிப், இப்போது அதில் இருக்கிறாள். கொஞ்ச நாளாக ஒரு நாய்க் காப்பகத்துக்குப் போய்க்கொண்டிருக்கிறாள். அங்கேதான் முதன்முதலாகத் தன் கையால் ஒரு நாய்க்குக் கருத்தடை செய்தாளாம். அதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தபோது, கறிவேப்பிலை உருவிக்கொண்டிருந்த என் அம்மா ஒரு கேள்வி கேட்டார்.

"ஏண்டி, வீட்டு நாய்னா பெரிய டாக்டரு, ஆளில்லாத நாய்னா நீங்க கத்துக்கிறதுக்கா?"

"அப்படி இல்ல பாட்டி..." என்று ஆரம்பித்தாள். அதற்குள் யாரோ வந்துவிட்டார்கள், பேச்சு மாறிவிட்டது. ஆனால் கேள்வி எனக்குள் உட்கார்ந்துகொண்டது. என் துறை மென்பொருள், மருத்துவம் இல்லை. இருந்தாலும் பழக்க தோஷம், தேடிப் படிக்க ஆரம்பித்தேன். சில வாரங்கள் படித்ததையும், அவளைத் தொலைபேசியில் நச்சரித்துத் தெரிந்துகொண்டதையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலில் ஒன்று. அம்மாவின் கேள்வி அறியாமையில் கேட்டது இல்லை. அந்தக் கேள்விக்கு ஒரு வரலாறே இருக்கிறது.

எழுந்திருக்காத நாய்கள்

அறுவை சிகிச்சை கற்றுக்கொடுப்பதில் எல்லா மருத்துவக் கல்விக்கும் ஒரு பழைய சிக்கல் உண்டு. முதல் கத்தியை யார் மேல் வைப்பது?

அமெரிக்காவில் இதற்கு நெடுங்காலம் இருந்த பதில் கொஞ்சம் கொடூரமானது. தெருவில் பிடித்த நாய்களை அடைத்து வைக்கும் பட்டிகள் அங்கே உண்டு. யாரும் தேடி வராத நாய்களை ஆய்வுக்கூடங்களும் மருத்துவக் கல்லூரிகளும் கேட்டால் பட்டிகள் தந்தாக வேண்டும் என்று மாநிலங்கள் சட்டமே போட்டன. மின்னசோட்டா தொடங்கி வைத்தது. 1952ல் நியூயார்க் மாநிலம் மெட்காஃப்-ஹேட்ச் சட்டத்தைக் கொண்டுவந்தது. ஆளில்லாத நாய் என்றால் எடுத்துக்கொள்ளலாம், அவ்வளவுதான் கணக்கு. அம்மா கேட்டது கிட்டத்தட்ட இதைத்தான்.

கால்நடைக் கல்லூரிகளில் அறுவை வகுப்பு பெரும்பாலும் இப்படித்தான் நடந்தது. நாய்க்கு மயக்க மருந்து கொடுப்பார்கள். மாணவர்கள் அறுத்து, கட்டி, தைத்துப் பழகுவார்கள். வகுப்பு முடிந்ததும் மயக்கம் தெளியும் முன்பே கூடுதல் மருந்து கொடுத்து அதை முடித்துவிடுவார்கள். சில இடங்களில் ஒரே நாயை எழுப்பி, ஆறவிட்டு, மறுபடி வேறொரு அறுவைக்குப் படுக்க வைத்ததும் உண்டு.

இதில் உள்ள கருணைப் பிரச்சினை யாருக்கும் புரியும். எனக்கு அதோடு இன்னொரு பிரச்சினையும் கண்ணில் பட்டது. இது கல்வியாகவும் ஓட்டையானது. நாய் எழுந்திருக்கவே போவதில்லை என்றால், நாம் போட்ட முடிச்சு நின்றதா இல்லையா என்று எப்படித் தெரியும்? எங்கள் தொழிலில் சொல்வதானால், புரோகிராம் எழுதியாச்சு, பிழையில்லாமல் கம்பைல் ஆச்சு, ஆனால் யாருமே ஓட்டிப் பார்க்கவில்லை. அதை நம்பி டிகிரி கொடுத்தாச்சு.

1959ல் இங்கிலாந்தில் ரஸ்ஸல், பர்ச் என்ற இருவர் ஆய்வில் விலங்குகளைக் கையாள்வது பற்றி ஒரு நூல் எழுதினார்கள். முடிந்தால் விலங்குக்குப் பதில் வேறொன்றைப் பயன்படுத்து, முடியாவிட்டால் எண்ணிக்கையைக் குறை, அதுவும் முடியாவிட்டால் வேதனையைக் குறை என்ற மூன்று கொள்கைகள் அதிலிருந்து வந்தவை. அவை கல்லூரி வகுப்பறைக்கு வந்து சேர வெகுகாலம் ஆனது. 1980களில் அமெரிக்க மாணவர்களே "உயிரோடு இருக்கும் நாயைக் கொன்றுதான் வைத்தியம் படிக்க வேண்டுமா?" என்று மறுக்கத் தொடங்கினார்கள். 1983ல் மாசசூசெட்ஸ் மாநிலம் பட்டி நாய்களை ஆய்வுக்குக் கொடுப்பதையே தடை செய்தது. கல்லூரிகள் ஒவ்வொன்றாக மாற்று வழி தேடின.

அந்த மாற்று வழி கடைசியில் அதே பட்டியின் கதவைத்தான் போய்த் தட்டியது. இந்த முறை நாயைக் கேட்டு இல்லை, வேலை கேட்டு. காப்பகத்தில் உள்ள நாய்க்கும் பூனைக்கும் எப்படியும் கருத்தடை செய்தாக வேண்டும். செய்யப் போதுமான கைகள் அங்கே இல்லை. கல்லூரியிலோ பழக வேண்டிய கைகள் நிறைய இருக்கின்றன. இரண்டையும் இணைத்தார்கள். அதே மேஜை, அதே கத்தி, அதே மாதிரி நாய். மாறியது ஒன்றுதான், இந்த நாய் எழுந்திருக்கப் போகிறது.

1999ல் கார்னெல் பல்கலைக்கழகம் காப்பக மருத்துவத்துக்கென்று முதல் பாடத்தை நடத்தியது. 2001ல் கலிபோர்னியாவின் டேவிஸ் வளாகத்தில் கேட் ஹர்லி இந்தத் துறையின் முதல் சிறப்புப் பயிற்சி மருத்துவராகச் சேர்ந்தார். 2014ல் அமெரிக்காவில் இது தனிச் சிறப்புத் துறையாகவே அங்கீகாரம் பெற்றது.

முடிச்சும் மறுநாளும்

பெட்டை நாய்க்குக் கருத்தடை என்பது சின்ன விஷயம் என்று நினைத்திருந்தேன். வயிற்றைத் திறந்து சினைப்பைகளையும் கருப்பையையும் எடுக்கிற பெரிய அறுவை அது. மனிதருக்குச் செய்தால் பல நாள் படுக்கையில் இருப்போம்.

இதில் புதியவர்களைப் பயமுறுத்தும் இடம் சினைப்பை. அது சிறுநீரகத்துக்குப் பக்கத்தில், உள்ளே ஆழமாக, ஒரு நாரால் இழுத்துக் கட்டப்பட்டிருக்கும். அந்த நாரை விரலால் தளர்த்தினால்தான் சினைப்பை வெளியே வரும். வலது பக்கத்தது இன்னும் கொஞ்சம் முன்னால் தள்ளி இருப்பதால் கூடுதல் சிரமம். நாருக்குப் பக்கத்திலேயே ரத்தக்குழாய். மெதுவாக இழுத்தால் வராது, வேகமாக இழுத்தால் குழாய் கிழியும்.

"புத்தகத்துல 'தளர்த்தவும்'னு ஒரே வார்த்தைல போட்டுருப்பாங்க மாமா. எவ்ளோ தளர்த்தணும்னு விரலுக்குத்தான் தெரியும்" என்றாள்.

குழாயை நூலால் கட்டி, அதற்கு மேல் வெட்ட வேண்டும். கட்டிய முடிச்சு வழுக்கினால் வயிற்றுக்குள்ளேயே ரத்தம் கசியும், வெளியே ஒன்றும் தெரியாது. அதனால் முடிச்சை முதலில் நாற்காலிக் காலிலும், பிறகு ரப்பர் மாதிரிகளிலும், அதற்குப் பிறகு இறந்த விலங்குகளின் உடலிலும் போட்டுப் பழகுகிறார்கள். நோயில் இறந்த செல்லப்பிராணியின் உடலை உரிமையாளரே கல்லூரிக்குத் தானமாகத் தருவதும் சில நாடுகளில் உண்டு. இத்தனைக்கும் பிறகுதான் உயிருள்ள நாய்.

கைதேர்ந்தவர் கால் மணி நேரத்தில் முடிப்பதை மாணவர் ஒரு மணி நேரம் செய்வார். அதுவரை நாய் மயக்கத்தில் இருக்க வேண்டும், உடம்புச் சூடு இறங்கக் கூடாது. இன்னொரு மாணவர் தலைமாட்டில் நின்று மூச்சையும் இதயத்துடிப்பையும் எண்ணிக்கொண்டே இருப்பார். நாளைக்கு இடம் மாறும், கத்தி பிடித்தவர் மயக்கம் பார்ப்பார்.

"ஆபரேஷன் பண்றப்ப பயமா இருந்துச்சா?" என்று கேட்டேன்.

"அப்ப பக்கத்துல டாக்டர் இருந்தாங்க. ராத்திரிதான் தூக்கம் வரல. விடிஞ்சதும் ஓடிப் போய் உதட்டைத் தூக்கி ஈறைப் பார்த்தேன். விரலால அமுக்கிட்டு எடுத்தா வெள்ளையாகி, ரெண்டு செகண்டுக்குள்ள திரும்ப ரோஸ் கலர் வரணும். வந்துச்சு. அப்புறம் எந்திரிச்சு நின்னு என் கையை நக்குச்சு மாமா."

ஈறு வெளுத்துக் கிடந்தால் உள்ளே ரத்தம் போகிறது என்று அர்த்தம். பழைய வகுப்பில் இந்த விடியற்காலை கிடையாது. அறுவையின் உண்மையான தேர்வு மேஜையில் இல்லை, மறுநாள் காலைக் கூண்டில்தான் இருக்கிறது. காப்பகம் மாணவருக்குத் தருகிற முதல் பாடம் இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஒரு நாய் இல்லை, நூறு நாய்

இரண்டாவது பாடம் நான் எதிர்பார்க்காதது. அதில் எங்கள் தொழிலின் வாசனை அடித்தது.

கிளினிக்குக்கு ஒரு நாய் வருகிறது, அதற்கு வைத்தியம் பார்க்கிறோம். காப்பகத்தில் நோயாளி ஒரு நாய் இல்லை, காப்பகமே நோயாளி. மந்தையை மொத்தமாகப் பார்க்கிற இந்தப் பார்வை மாட்டுப்பண்ணை, கோழிப்பண்ணை வைத்தியத்தில் ஏற்கெனவே இருந்ததுதான்.

1961ல் ஜான் லிட்டில் என்பவர் வரிசைகளைப் பற்றி ஒரு விதியை நிரூபித்தார். ஓரிடத்தில் சராசரியாக எத்தனை பேர் இருப்பார்கள் என்றால், ஒரு நாளைக்கு வருகிறவர்களின் எண்ணிக்கையை ஒருவர் தங்கும் சராசரி நாட்களால் பெருக்கினால் வருவதுதான். சர்வருக்கு எவ்வளவு நினைவகம் வேண்டும் என்று கணக்குப் போட நாங்கள் தினமும் பயன்படுத்துகிற விதி. காப்பக மருத்துவர்களும் இதே கணக்கைத்தான் போடுகிறார்கள் என்று படித்தபோது எனக்கு ஒரே சந்தோஷம்.

உதாரணமாக, தினம் 5 நாய் வருகிறது, ஒவ்வொன்றும் 10 நாள் தங்குகிறது என்றால் உள்ளே 50 நாய். 50 கூண்டு போதும். தடுப்பூசி தாமதம், தத்துக் கொடுக்கக் கையெழுத்துப் போட ஆள் இல்லை என்று அந்த 10 நாள் 14 ஆனால், 70 நாய். வருகிற நாய் கூடவே இல்லை, ஆனாலும் 20 நாய்க்குக் கூண்டு இல்லை. ஒரு கூண்டில் இரண்டைப் போடுவார்கள். நெரிசலில் நோய் பரவும். நோய் வந்தால் இன்னும் பல நாள் தங்கும். கூட்டம் இன்னும் கூடும். சர்வர் திணறித் திணறிக் கடைசியில் படுத்துவிடுவதும் இப்படித்தான்.

அதனால் மாணவர்களைத் தினமும் ஒரு சுற்றுக்கு அழைத்துப் போகிறார்கள். ஒவ்வொரு கூண்டின் முன்னும் கேட்க வேண்டிய கேள்வி "இதற்கு என்ன நோய்?" மட்டும் இல்லை. "இது எதற்காகக் காத்திருக்கிறது?" தடுப்பூசிக்கா, அறுவைக்கா, வீட்டுக்கா? பதில் தெரியாத நாய் இருக்கவே கூடாது.

சுத்தம் செய்வதும் மாணவர் வேலைதான். பல்துலக்குவது மாதிரி சாதாரணமாகத் தெரியும், ஆனால் உயிர் அதில் இருக்கிறது. நாய்க்குட்டிகளை வாரிக்கொண்டு போகும் பார்வோ வைரஸ் தரையிலும் மண்ணிலும் மாதக்கணக்கில் உயிர்ப்போடு இருக்கும், எல்லாக் கிருமிநாசினிக்கும் அசையாது. பிளீச்சிங் கரைசலுக்குச் சாகும், ஆனால் மலமும் அழுக்கும் இருக்கிற இடத்தில் அந்தக் கரைசலும் வேலை செய்யாது. முதலில் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும், அப்புறம்தான் பிளீச்சிங். குட்டிகள் இருக்கும் பகுதியில் ஆரம்பித்து, ஆரோக்கியமான பெரிய நாய்கள், கடைசியாக நோயாளிகள் என்ற வரிசையில் போக வேண்டும். வரிசையை மாற்றினால் துடைப்பமே நோயைச் சுமந்து போகும். தடுப்பூசியும் அப்படித்தான். நாய் உள்ளே வந்த உடனே, நாளைக்குப் பார்க்கலாம் என்று தள்ளாமல் போட வேண்டும்.

பூனைக்கு இன்னொரு கணக்கு. பயந்த பூனைக்குச் சளிக்காய்ச்சல் சுலபமாக வரும், உடம்பில் பதுங்கியிருக்கும் வைரஸ் மன அழுத்தத்தில் தலைதூக்கும். 2014ல் நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் ஒரு சின்ன ஆய்வு வெளியிட்டார்கள். காப்பகத்துக்குப் புதிதாக வந்த 19 பூனைகளில் 10க்கு ஒளிந்துகொள்ள ஒரு பெட்டி கொடுத்தார்கள், 9க்குக் கொடுக்கவில்லை. பெட்டி கிடைத்தவை முதல் சில நாட்களிலேயே பதற்றம் தணிந்தன. ஒரு அட்டைப்பெட்டியும் மருந்துதான்.

கடைசிப் பாடம் கடினமானது. காப்பாற்ற முடியாத உயிரை எப்போது வலியில்லாமல் அனுப்புவது என்ற முடிவு. அதைப் பற்றி அவளிடம் கேட்டேன். "அது இன்னும் எனக்கு வரல மாமா" என்று மட்டும் சொன்னாள்.

அம்மாவுக்குப் பதில்

சரி, இப்போது கேள்விக்கு வருவோம். ஆளில்லாத நாய் மேல் பழகுவது நியாயமா?

வீட்டு நாய்க்கும் காப்பக நாய்க்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. வீட்டு நாய்க்கு ஆபரேஷன் செய்து அனுப்பினால், "சாப்பிட மாட்டேங்குது டாக்டர், தையல்ல சீழ் மாதிரி இருக்கு" என்று போன் வரும். தெருநாய்க்கு அந்த போன் வராது. நம் ஊரில் விதிப்படி நாயைப் பிடித்த இடத்திலேயே கொண்டுபோய் விட வேண்டும். விட்ட பிறகு தையல் பிரிந்தால் பார்க்க ஆள் இல்லை. அதனால் தையல் நூலே கரைகிற நூலாக, தோலுக்குள் மறைகிற மாதிரி போடுகிறார்கள், பிரிக்கத் திரும்பப் பிடிக்க வேண்டியதில்லை. ஆனால் அந்தத் தையலை மோசமாகப் போட்டால் அந்த நாய் ஒரு மூலையில் போய்ச் செத்துக் கிடக்கும், யார் செய்தது என்று யாருக்கும் தெரியாது.

ஆகவே ஆளில்லாத நாய் என்றால் கவனம் குறையலாம் என்பது தலைகீழ்க் கணக்கு. கேட்க ஆளில்லாததால்தான் கவனம் கூட வேண்டும். படித்ததையெல்லாம் வைத்து நான் எனக்கே ஒரு பட்டியல் போட்டுக்கொண்டேன்.

ஒன்று, அந்த அறுவை அந்த விலங்குக்கே தேவையானதாக இருக்க வேண்டும். மாணவர் வராவிட்டாலும் அதற்கு அது நடந்திருக்க வேண்டும்.

இரண்டு, அனுபவசாலி ஒருவர் கையுறையோடு பக்கத்தில் நிற்க வேண்டும். நேரம் மீறினாலோ கை தடுமாறினாலோ தயங்காமல் வாங்கி முடிக்க வேண்டும்.

மூன்று, வலி மருந்தில் சிக்கனம் கூடாது. நாய்க்கு வலிக்காது என்று யாரும் சொல்லிக்கொள்ளக் கூடாது.

நான்கு, அறுத்தவரே மறுநாளும் அதற்கு மறுநாளும் பார்க்க வேண்டும்.

இந்த நாலில் ஒன்று குறைந்தாலும் அம்மா கேட்டதுதான் சரி, அது காப்பகம் இல்லை, மலிவான ஆய்வுக்கூடம். நாலும் இருந்தால், அந்த சில நாட்களுக்கு அந்த நாய் ஆளில்லாத நாய் இல்லை. அந்த மாணவர்தான் அதன் ஆள்.

நம் ஊரில்

இதற்கெல்லாம் அமெரிக்காவையே பார்க்க வேண்டியதில்லை. சென்னையில் கேப்டன் சுந்தரம் 1959ல் தொடங்கிய புளூ கிராஸ், தெருநாய்களைக் கொல்வதற்குப் பதில் கருத்தடை செய்து விடலாம் என்பதை 1960களிலேயே சொல்ல ஆரம்பித்தது. 1990களில் மாநகராட்சியும் அந்த வழிக்கு வந்தது. 2001ல் மத்திய அரசு நாய்களுக்கான கருத்தடை விதிகளைக் கொண்டுவந்தது, 2023ல் அவற்றைப் புதிதாக எழுதியது. ஊட்டியில் உலகக் கால்நடை மருத்துவ சேவை என்ற அமைப்பின் பயிற்சி மையம் இருக்கிறது. பல நாட்டுக் கால்நடை மருத்துவர்களும் மாணவர்களும் அங்கே வந்து தெருநாய்களுக்குக் கருத்தடை செய்யக் கற்றுக்கொண்டு போகிறார்கள்.

விதி காகிதத்தில் இருந்தால் போதாது, அதைச் செய்யக் கை வேண்டும். தெருநாய்த் தொல்லை, ரேபிஸ் பயம் என்று நாம் தினமும் சண்டை போடுகிறோம். இந்தத் திட்டம் நிற்பதும் விழுவதும் ஏதோ ஒரு மேஜையில் ஒருவர் போடுகிற முடிச்சில்தான் இருக்கிறது. அந்த ஒருவர் எங்கே, எப்படிப் பழகினார் என்பது நம் எல்லோருக்குமே சம்பந்தமான விஷயம். இந்த மாணவர்கள் கடிபடுவதற்கு முன்பே ரேபிஸ் தடுப்பூசி போட்டுக்கொண்டுதான் கூண்டுக்குள் கை விடுகிறார்கள் என்பதையும் சொல்லி வைக்கிறேன்.

அவள் ஊருக்குக் கிளம்பிய அன்று பஸ் ஏற்றிவிட நானும் அம்மாவும் போனோம். டீக்கடையில் நிறுத்தி செவலைக்கு ஒரு பொறை வாங்கிப் போட்டாள். அது மல்லாந்து படுத்தது. குனிந்து வயிற்றை விரலால் தடவிப் பார்த்தாள்.

"தழும்பு தேடினாலும் தெரியல. யாரோ நல்லா தச்சிருக்காங்க."

அம்மா கொஞ்ச நேரம் அந்த வயிற்றையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு சொன்னார்: "நீயும் அப்படித் தையி."